நாற்பத்தொரு வயற்காரர், ஒரு தொலைபேசி எண்

அலுவலகத்தில் ஒரு கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற செய்தி எப்படியோ தலைமை அலுவலகம் வரைக்கும் போய்விட்டது. அதன் பலனாக, பொறியியல் பீட மாணவர்கள் இரண்டு பேருக்கு டிஜிட்டல் உருமாற்றத்தில் நான்கு மாதப் பயிற்சி கொடுக்கும் மேற்பார்வையாளனாக என்னை நியமித்தார்கள். என்னைத் தெரிந்த ஒருவரும் வாழ்த்தவில்லை. மனைவி மட்டும், "அந்தப் புள்ளைகள் என்ன பாவம் செஞ்சதுகள்" என்று கேட்டுவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளன். குளத்தின் மதகை எங்கள் பக்கத்தில் துருசு என்போம். அதைத் திறந்தால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்ப வேண்டியதை இன்னொருவருக்கு அனுப்பாமல் இருக்க இன்னும் பழகவில்லை. மாணவர்கள் வருவதற்கு முன் மானத்தைக் காப்பாற்ற மூன்று புத்தகங்கள் வாங்கி அடிக்கோடிட்டுப் படித்தேன். மூன்றும் தடித்த புத்தகங்கள். மூன்றும் காகிதத்தை ஒழிப்பது பற்றியவை.

வந்தவர்கள் ஒரு பையனும் ஒரு பெண்ணும். பையன் மட்டக்களப்பு நகரத்துக்காரன், வாவிக்கரைப் பக்கம். எதையும் அழகாகப் பேசுவான். பேசிக்கொண்டிருக்கும்போதே அது நடந்து முடிந்துவிட்டது போல இருக்கும். பெண் ஓட்டமாவடி. அதிகம் பேசமாட்டாள். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, பையன் சொன்னவற்றில் எவை நடக்கக்கூடியவை என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

பயிற்சியின் தொடக்கமாகக் கல்குடாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பட்டறை. மேற்பார்வையாளர்களும் மாணவர்களும் ஒன்றாக இருக்க வேண்டும். கடல் கூப்பிடு தூரத்தில் கிடந்தது. திரையில் எழுத்துத் தெரியாதென்று யன்னல் சீலைகளை எல்லாம் இழுத்து மூடினார்கள். மூடிய பிறகு போட்ட முதற்படம், கடல். மாற்றம் என்பது அலை மாதிரி என்றார் பயிற்றுநர்.

டிஜிட்டல் உருமாற்றம் தொழில்நுட்பம் அல்ல, மனநிலை என்றும் சொன்னார். இதை அவர் எத்தனை தரம் சொல்கிறார் என்று அந்தப் பெண் கொப்பியின் மூலையில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். மதியச் சோற்றுக்கு எழும்பும்போது எட்டிப் பார்த்தேன். பதினொரு கோடு. அப்போதுதான் இவளோடு நான்கு மாதம் ஓட்டிவிடலாம் என்று நம்பிக்கை வந்தது.

பின்னேரம் ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள் தந்து, உருமாற்றத்துக்கு உங்கள் தடை எதுவோ அதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றார்கள். நான் "இணைய இணைப்பு" என்று எழுதி ஒட்டினேன். பயிற்றுநர் அதைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் தந்தார். அது வெளிக்காரணி, தடையை உங்களுக்குள்ளே தேட வேண்டும் என்றார். தேடினேன். பசி இருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஏசிக் காற்றுக்குச் சுவரிலிருந்த தடைகள் எல்லாம் உதிர்ந்து, ஹோட்டல்காரர் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது வேனில்தான் அவள் தன் கதையைச் சொன்னாள். போன வருடம் பரீட்சை நேரம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள். கூடப் படித்தவர்கள் வேலைக்கே போய்விட்டார்கள்.

"இந்தப் பயிற்சில பாஸ் பண்ணிச் சித்தியெண்டு கடிதம் வந்தாத்தான் சேர் இந்த பட்ச்சோட வெளியாகலாம். தவறினா மறுகா ஒரு வருசம்."

"தவறாது" என்றேன்.

"வீட்டில கலியாணக் கதையும் துவங்கிட்டாங்க. படிப்பு முடியாட்டி அது முந்திரும்."

"அதுவும் தவறாது எண்டு சேர் சொல்லமாட்டார்" என்றான் பையன், பின் இருக்கையிலிருந்து. அவள் திரும்பிப் பார்த்த பார்வைக்கு அவன் ஏறாவூர் வரும்வரை வாய் திறக்கவில்லை.

பயிற்சியில் மாணவர்கள் ஒவ்வொரு நாளும் இணையத்தில் நாட்குறிப்பு எழுத வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் என் கடவுச்சொல்லைப் போட்டு அதை அங்கீகரிக்க வேண்டும். வாரக் கடைசியில் அதையே அச்சிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, ஸ்கேன் பண்ணி, திரும்ப இணையத்தில் ஏற்ற வேண்டும். மூலப் பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஏன் என்று தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "சேர், சிஸ்டத்தில இருக்கிறது சிஸ்டத்துக்கு. ஃபைலுக்கு ஃபைல் வேணுந்தானே" என்றார் ஒருவர், பொறுமையாக. நான்கு மாதத்தில் எங்கள் அலுவலகம் அதுவரை காணாத அளவு காகிதம் செலவழித்தது.

செய்ய வேண்டிய வேலைத்திட்டம் இதுதான். கரடியனாற்றுப் பக்கம் ஒரு வட்டை. வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் நீர் குடிக்கும் வயல்வெளி. அதில் நாற்பத்தொரு வயற்காரர். கோடைச் சிறுபோகத்துக்குத் தண்ணீரை முறை வைத்து விடுவோம். வாய்க்காலில் எந்த நாள் தண்ணீர், அன்று எத்தனை மணிக்கு எவருடைய வயல்துண்டுக்கு, எங்கள் பேச்சில் வரவைக்கு, என்று போகத்துக்கு முன் கூட்டத்தில் பேசி முடிவாகும். அந்த முறையை நடத்துகிறவர் வட்டை விதானையார். வயற்காரரே சேர்ந்து தெரிந்தெடுத்த ஆள். தண்ணீர் வருவதற்கு முதல் நாள் மோட்டார்சைக்கிளில் போய், "நாளைக்கு உனக்கு" என்று ஆளுக்கு ஆள் சொல்வார். இதைத்தான் நாங்கள் உருமாற்ற வேண்டும். விதானையார் அலைவதற்குப் பதிலாக ஒவ்வொரு வயற்காரரின் கைபேசிக்கும் செய்தி போகும். கிடைத்தது என்பதற்கு அவர் ஒன்று என்ற எண்ணை அமத்தி அனுப்புவார். எங்கள் திரையில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மாறிப் பச்சை விழும். குறைந்தது நாற்பது பேர் தனித்தனியாகப் பதிந்து பதில் போட்டிருக்க வேண்டும் என்பது மதிப்பீட்டு விதி.

பதிவுக்குப் போனோம். பெயர் தந்தார்கள், அடையாள அட்டை தந்தார்கள், இளநீர் தந்தார்கள். கைபேசி எண்ணை மட்டும் தரவில்லை.

"நம்பரக் குடுத்தா லொத்தர் விழுந்திரிக்கி, காசக் கட்டு எண்டு எடுக்கிறானுகள் புள்ள" என்றார் ஒரு பெண், வரம்பில் நின்றபடி. "போன மாசந்தான் சிம்மக் கழட்டிக் கிணத்துக்க எறிஞ்ச நான்."

"எண்ட போன் மகள்ற கையில" என்றார் இன்னொருவர். "மகள் எங்க?" என்று பையன் கேட்டான். "கட்டார்ல."

கடைசியில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். "விதானையார்ர நம்பரப் போடுங்க. அவருதானே வந்து சொல்லுறவரு." முதலாவது ஆள் சொன்னதைத்தான் நாற்பத்தோராவது ஆளும் சொன்னார், அந்த நாற்பத்தோராவது ஆள் விதானையார்தான். அவருக்கும் வட்டையில் ஒரு துண்டு வயல் இருந்தது.

அவள் மடிக்கணினியைப் பாதி மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சேர், நம்பரை வச்சித்தான் ஆள அடையாளம் பிடிக்கிற மாதிரி எழுதியிரிக்கன். ஒரு நம்பர் ரெண்டு தரம் வந்தா ஏற்காது."

"ஏற்கிற மாதிரி மாத்தேலாதா?"

"மாத்தலாம். ஆனா பிழை சேர்."

"அப்ப அந்தக் கட்டத்தை வெறுமையா விடப் போறீங்களா?"

இருபத்தாறு வருட அரசாங்க சேவை என் வாயால் பேசிய இடம் அது. எங்கள் உத்தியோகத்தில் பிழையாக நிரப்பிய படிவம் பிழைத்துக்கொள்ளும். வெறுமையாக விட்ட கட்டந்தான் திரும்பி வரும். அஞ்சு வருடத்துக்குப் பிறகும் வரும். மழை அளவு தெரியாத நாளில் முந்தின நாள் அளவைப் போட்டு நிரப்பிய மேலதிகாரிகளிடம் தொழில் பழகியவன் நான். ஆகவே, "போடுங்க மகள், பிறகு திருத்துவம்" என்றேன். அவள் மாற்றினாள். மூன்று புத்தகம் படித்த மனிதன் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்.

முதற் செய்தி போன நாள் பின்னேரம் திரை முழுக்கப் பச்சை. நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. அடுத்த முறைக்கும் அப்படியே. பையன் அதைப் படம் எடுத்து அனுப்ப, தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் பெருவிரலை உயர்த்தினார்கள். விவசாயிகளின் மனநிலையே மாறிவிட்டது என்று ஒருவர் எழுதினார். அவளுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. சிம்மைக் கிணற்றில் எறிந்தவர் எப்படிப் பச்சையானார் என்று இரண்டு தரம் கேட்டாள். நல்ல சேதியைக் கிண்டக் கூடாது என்றேன்.

மதிப்பீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது விதானையார் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப்பையில் கைபேசி, பொலித்தீன் பையில் சுற்றியபடி. அதை எடுத்து மேசையில் வைத்தார், கடித்த பிராணியைக் கொண்டுவந்து காட்டுகிறவர் போல.

"ஐயா, இது நாப்பத்தொரு தரம் அடிக்கிது. நேத்து ஒரு செத்த வீட்டில இருந்த நான். அழுதுக்கிட்டு இருந்த பொம்பளைகள் எல்லாம் நிப்பாட்டிட்டு என்னப் பாக்காளுகள்."

"சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கலாமே" என்றான் பையன்.

"எங்க குறைக்கிற மனே? அது ஒரு பக்கம் அடிக்கிது, நான் ஒரு பக்கம் ஒண்டு அமத்திறன். நாப்பத்தொரு ஒண்டு. பெருவிரல் நோவுது."

அவள் எழுந்து நின்றாள். "எல்லாத்துக்கும் நீங்களா அமத்தின நீங்க?"

"மறுகா? கவுண்மேந்துக் காரியம், கேட்டா பதில் சொல்லாம விடலாமா?"

"அவங்களுக்கெல்லாம் சொல்லிட்டா அமத்தினீங்க?"

"இல்ல புள்ள, செத்த வீட்டில இருந்து எப்பிடிச் சொல்லுற? மறுகாப் போய்ச் சொன்ன நான்." கொஞ்சம் யோசித்து, "கனபேருக்கு" என்றார்.

அவர் கைபேசியைத் திரும்பப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போனார். எங்கள் வெற்றி முழுவதும் ஒரு மனிதனின் பெருவிரல். மதிப்பீடு முடியும்வரை அப்படியே இருக்கட்டும், பிறகு திருத்தலாம் என்றான் பையன். நானும் அதையே சொன்னேன், சற்றுத் தரமான தமிழில். அவள் திரையில் கிடந்த பச்சைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிப்பிட வந்தவர் அவர்களுடைய பீடத்து விரிவுரையாளர், ஒரு பெண்மணி. குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். அப்படிப்பட்டவர்களுக்கு நான் எப்போதும் பயம். பயனாளி ஒருவரும் வர வேண்டும் என்ற விதிப்படி விதானையார் வெள்ளைச் சட்டையோடு முன் கதிரையில் இருந்தார். பையன் அருமையாகப் பேசினான். பச்சைத் திரை வந்தது. விரிவுரையாளர் தலையாட்டி எதையோ எழுதப் போனார். அப்போது அவள் சொன்னாள்:

"மெடம், இது நாப்பத்தொரு ஆக்கள் இல்ல. ஒரு போன்தான். எல்லாருக்கும் இவர்ர நம்பரத்தான் போட்டிரிக்கி."

பேனா நின்றது. "யார் போட்டது?"

"நாங்கதான் மெடம்."

நான் பேசியிருக்க வேண்டிய இடம் அது. பேசவில்லை. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மூன்று இதழில் ஒன்று வளைந்திருப்பதைக் கவனித்தேன். விரிவுரையாளர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: மாணவர்களே இப்படித் தீர்மானித்திருந்தால் தவறிய கணக்கு, அறிவுறுத்தல் மேற்பார்வையாளருடையதென்றால் திருத்திச் செய்ய இரண்டு கிழமை, பதினான்கு நாள், கொடுக்கலாம், இந்த பட்ச்சின் முடிவுத் திகதிக்குள் அது அடங்கும். யாருடைய தீர்மானம் என்று மேற்பார்வையாளர் இணையத்தில் அறிக்கை போடட்டும். மூன்று நாள்.

வாசலில் அவளிடம், "ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன். கேட்டதில் எரிச்சல் இருந்தது; அது அவள்மேல் அல்ல என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"கடைசி ஆளுக்குச் சொல்லாம விட்டாலும் பச்சைதானே சேர் காட்டும். அவர்ர வயல் காயும்."

அறிக்கைப் படிவத்தைத் திறந்தேன். தவறுக்கான காரணம் என்று ஒரு கட்டம். தொட்டால் மூன்று தெரிவுகள் இறங்கும்: பயிலுநரின் தவறு, தொழில்நுட்பக் கோளாறு, பயனாளிகளின் விழிப்புணர்வின்மை. நாலாவது இல்லை. மேற்பார்வையாளரும் பிழை விடலாம் என்பது அதை வடிவமைத்தவருக்குத் தோன்றவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எடுத்தேன். முன்பு பேசிய அதே பொறுமைசாலி. "சேர், விழிப்புணர்வின்மையைப் போடுங்க. எல்லாரும் அதைத்தான் போடுறது. உங்கட பேர் வராது."

"அப்பிடிப் போட்டா மாணவர்களுக்கு?"

"விழிப்புணர்வு ஊட்ட வேண்டியது அவங்கதானே. அவங்களுக்குத்தான் புள்ளி குறையும்."

இரண்டு நாள் அந்தக் கட்டத்தைத் திறந்து திறந்து மூடினேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் சில வருடம். ஒரு பதவியுயர்வு நேர்முகம் வேறு வரவிருந்தது. ஒரு வருடம் என்பது இளம் பிள்ளைகளுக்குப் பெரிய விஷயமா என்றுகூட ஒரு தரம் யோசித்தேன். யோசித்ததை இங்கே எழுதுவது அதற்கான தண்டனை. மூன்றாம் நாள் காலையில் படிவத்தை அச்சிட்டேன். மூன்று கட்டத்துக்கும் கீழே அடிமட்டக் கோல் வைத்து, பேனாவால் நாலாவதாக ஒரு கட்டம் கீறினேன். அதற்கு நேரே "மேற்பார்வையாளரின் தவறான அறிவுறுத்தல். மாணவி ஆட்சேபித்தார். நான் வற்புறுத்தினேன்" என்று எழுதிச் சரி போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் பண்ணி ஏற்றினேன். சிஸ்டம் அதை ஏற்றுக்கொண்டது. பிடிஎஃப்தானே.

இரண்டு கிழமையும் அவர்கள் கரடியனாற்றிலேயே கிடந்தார்கள். இந்தத் தரம் அவள் நாற்பத்தொரு எண் தேடவில்லை. செய்தி விதானையாருக்கு ஒன்றே ஒன்று போகும். அதைத் திறந்தால் நாற்பத்தொரு பெயர்ப் பட்டியல். நேரே கண்டு சொன்ன பிறகு அந்த வயற்காரரின் பெயரைத் தொட்டால் பச்சை. கைபேசி நிற்கும் இடத்தை அது பார்க்கும்; வயலடியில் நிற்காமல் தொட்டால் ஏற்காது. செத்த வீட்டிலிருந்து அமத்த முடியாது. விதி கேட்ட நாற்பது பயனாளிகளுக்குப் பதிலாக இப்போது ஒரு பயனாளிதான். தனிப்பதிவுக்குரிய புள்ளிகள் போய்விடும் என்று தெரிந்தே செய்தாள்.

மறு மதிப்பீடு. அதே விரிவுரையாளர், அதே வெள்ளைச் சட்டை. அன்றைய பட்டியல் திரையில் வந்தது. நாற்பது பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு.

"இது ஏன் சிவப்பு?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

அவள் பதில் சொல்ல முந்தி விதானையார் தொண்டையைச் செருமினார். "அவனோட எனக்குக் கதை பேச்சு இல்ல மெடம்."

"எவ்வளவு நாளா?"

"அவன் எண்ட வரம்ப வெட்டின நாளில இருந்து. ரெண்டு வருசம்."

"அப்ப இவ்வளவு நாளும் அவருக்கு ஆர் சொன்னது?"

விதானையார் கூரையைப் பார்த்தார். அந்த வளைந்த மின்விசிறி இதழை அவரும் இப்போது கண்டிருப்பார்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அடுத்த அறிக்கைக்கு மனதுக்குள் கட்டம் கீறத் தொடங்கினேன். ஆனால் அவள் முகத்தில் நான்கு மாதத்தில் காணாத ஒரு வெளிச்சம். "மெடம், பச்சை போடேலாம இருந்தது இதுதான் முதல் தரம்" என்றாள். "அப்ப வேலை செய்யுது."

விரிவுரையாளர் புள்ளித்தாளில் எதையோ வெட்டினார், எதையோ கூட்டினார். சித்தி என்பதற்குப் போதுமான ஆகக் குறைந்த தர எழுத்தைப் போட்டு அங்கேயே கையெழுத்து வைத்தார். அவள் தாளை வாங்கி, இரண்டு தரம் வாசித்து, மடிக்காமல் கோப்புக்குள் வைத்தாள். பையனுக்கும் அதே எழுத்துத்தான். தான் இதைவிட அழகாகப் பேசியதாக அவன் பின்னர் குறைப்பட்டான்.

ஆனால் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. மறுநாள் விடிய ஆறு மணிக்குத் தண்ணீர். விதானையார் போகமாட்டார். சிஸ்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. மிஞ்சியவன் நான். நடு வெயிலில் மோட்டார்சைக்கிளை எடுத்து, கிறவல் ரோட்டில் தூசு தின்றுகொண்டு போய், அந்த வயற்காரரைத் தேடிப் பிடித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு உங்களுக்குத் தண்ணி" என்றேன்.

"தெரியும் ஐயா" என்றார். "விதானையார்ர பொஞ்சாதி காலையிலயே வந்து சொல்லிட்டுப் போய்ட்டா. எப்பயும் அவதான் சொல்லுறவ."

அலுவலகத்துக்கு வந்து இதை அவளிடம் சொன்னேன். கோப்பும் பையும் தோளில், ஓட்டமாவடி பஸ்ஸுக்குப் போக வாசலில் நின்றவள், நின்றபடியே யோசித்தாள். பிறகு உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அப்ப அவட பேரையும் சேர்க்கணும் சேர். பட்டியல அவக்கும் காட்டினாத்தான் சரி."

பயிற்சி முடிந்துவிட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது, இனி உங்களுக்கு இதற்கு ஒரு புள்ளியும் கிடையாது, பஸ் இன்னும் பத்து நிமிசத்தில் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள்.